கொரங்காட்டில் வளர்ந்தவள் எந்தக் கல்லூரிக்குப் போவது?

கிளுவைவேலி | மே 11, இரவு 8.50

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் எழுதுவது என்பதில்தான் வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு.

எங்கள் ஊர் மூலனூருக்குப் பக்கம். 14 ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது உழுவதும் இல்லை, நீர் பாய்ச்சுவதும் இல்லாத மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். மேற்குக்காடு, நடுக்காடு, கிணற்றுக்காடு என்று மூன்றாகத் தடுத்திருக்கிறோம். ஒன்றில் மேயும்போது மற்ற இரண்டும் ஓய்ந்து கிடக்கும். மூன்று காங்கயம் மாடு, இருபது மேச்சேரி ஆடு.

போன மாதம் நடுக்காட்டில் ஒரு பக்கி, வெறுந்தரையில் இரண்டு முட்டை இட்டு அடைகாத்தது. ஒரு முழம் தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாத பறவை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, குஞ்சு பொரிக்கும்வரை ஆடுகளை அந்தப் பக்கமே விடவில்லை. இதைப் படிப்பாகப் படிக்க முடியுமா என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அப்பா வேளாண்மை என்கிறார், அரசு வேலைக்காக. உயிரியல் ஆசிரியை கால்நடை மருத்துவம் என்கிறார். எனக்குப் புல், மாடு, காட்டுயிர் மூன்றும் சேர்ந்த படிப்பு வேண்டும். டெக்சஸ் போன்ற அமெரிக்க மாநிலங்களில் மேய்ச்சல் நிலமும் காட்டுயிரும் ஒரே துறையில் இருக்கின்றன. இங்கே அப்படி ஓர் இளநிலைப் பட்டம் கண்ணில் படவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள்.


ஏழாவது பருவம் | மே 11, இரவு 10.15

தங்கச்சி, நான் வேளாண்மை நான்காம் ஆண்டு. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டு, எட்டுப் பருவம். பயிர், மண், பூச்சி, நோய், மரபியல், பொருளியல் என்று எல்லாவற்றிலும் கை நனையும். எங்களுக்கென்று துண்டு நிலம் கொடுத்து நெல் நடச் சொல்வார்கள். காலை ஆறரை மணிக்குச் சேற்றில் நின்றதை வாழ்நாளில் மறக்க மாட்டேன். பூச்சிப் பெட்டி, களைச்செடித் தொகுப்பு, பதிவேடு என்று விடுதி அறையே அருங்காட்சியகம்போல ஆகிவிடும்.

ஆனால் நீ கேட்கும் மூன்றும் இங்கே எவ்வளவு என்று பார்த்தால், மாட்டுக்கும் கோழிக்கும் சேர்த்து ஒரு பாடம். காட்டுக்கு ஒரு பாடம். மேய்ச்சல் நிலம் தீவனப் பயிர்களுக்குள் ஓர் ஓரமாக வரும். தீவனம் என்றாலே கம்பு நேப்பியர் கோ 4, கோ 5 என்று நீர் பாய்ச்சி வளர்க்கும் ரகங்கள்தான் நினைவில் நிற்கும். கொழுக்கட்டைப்புல்லிலும் பல்கலைக்கழகம் கோ 1 வெளியிட்டிருக்கிறது. தேர்வுக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், ஊரகப் பணி அனுபவத்துக்காக (நாங்கள் 'ராவே' என்போம்) ஒரு கிராமத்தில் தங்கியிருந்தபோது, விவசாயிகள் என்னிடம் படைப்புழுவைப் பற்றிக் கேட்டதைவிட மயிலையும் காட்டுப்பன்றியையும் பற்றிக் கேட்டதுதான் அதிகம். நிலக்கடலை விதைத்த மறுநாளே மயில் வரிசை பிடித்துப் பொறுக்குகிறது, என்ன செய்வது என்றார் ஒரு பெரியவர். மூன்றரை ஆண்டுப் படிப்பில் அதற்குப் பதில் இல்லை. காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் அரசு ஓர் ஆணை போட்டது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர்வரை சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். இதையும் நான் வகுப்பில் கற்கவில்லை, டீக்கடைப் பேப்பரில் படித்தேன்.


மலைவேம்பு | மே 12, காலை 7.05

வனவியல் படித்தவன் நான். உன் கேள்விக்கு மிக நெருக்கமாக வரும் இளநிலைப் பட்டம் இதுதான். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு வழியாகவே இடம் கிடைக்கும். தனி விண்ணப்பம் தேடி அலைய வேண்டாம்.

எங்கள் பாடத்திட்டத்தில் 'மேய்ச்சல் நிலமும் கால்நடை மேலாண்மையும்' என்று ஒரு தாளே உண்டு, காட்டுயிர் மேலாண்மையும் உண்டு. ஆனால் முதுகெலும்பு மரம்தான். நாற்றங்கால், மரவளர்ப்பு, மர அளவியல், காகித ஆலைக்கான சவுக்கு, தைலமரம், என் பெயரில் இருக்கும் மலைவேம்பு. புலியைப் பார்க்கலாம் என்று வந்த என் வகுப்புத் தோழன் முதல் ஆண்டு முழுவதும் மரத்தின் மார்பளவுச் சுற்றளவை நாடாவால் அளந்துகொண்டிருந்தான்.

வேலை என்று பார்த்தால், இந்திய வனப்பணித் தேர்வு இருக்கிறது. ஆனால் அதற்கு வனவியல்தான் வேண்டும் என்பதில்லை. வேளாண்மை, கால்நடை மருத்துவம், விலங்கியல், தாவரவியல், பொறியியல் படித்தவர்களும் எழுதலாம். மாநிலப் பணியில் உதவி வனப் பாதுகாவலர் பதவிக்கு வனவியல் படித்தவருக்கு முன்னுரிமை உண்டு. அறிவிப்பு வருவதோ ஆடிக்கொரு முறை, அமாவாசைக்கொரு முறை. மற்றபடி காகித ஆலை, ஒட்டுப்பலகை நிறுவனம், ஆராய்ச்சி, வங்கி. ஆம், வங்கிதான். வங்கியின் வேளாண் கள அலுவலர் வேலைக்கு வனவியலாரும் எழுதலாம். என் வகுப்பில் பாதிப் பேர் இப்போது கடன் படிவம் பார்க்கிறார்கள்.


மயிலைக்காளை | மே 12, காலை 9.30

அம்மணி, நான் காங்கயத்துப் பக்கம் மாடு வைத்திருப்பவன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. சும்மா படித்துக்கொண்டிருந்தவன், வனவியல் தம்பி எழுதியதைப் பார்த்ததும் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

நம் ஊரில் காட்டுக்குப் போகிறேன் என்றால் மானாவாரி நிலத்துக்குப் போகிறேன் என்று பொருள். கிணறு இருந்தால் அது தோட்டம், இல்லாவிட்டால் காடு. சோளக்காடு, கடலைக்காடு, கொரங்காடு. அதிகாரிகளுக்குக் காடு என்றால் மரம் நிற்க வேண்டும். மரம் இல்லாவிட்டால் வேளாண்மைத் துறைக்காரர் வருவார், பயிர் எங்கே என்று கேட்பார். இரண்டும் இல்லாவிட்டால் அவர்கள் நோட்டில் அது வெறும் இடம். நம் காடு எந்த நோட்டிலும் ஏறவில்லை, அதனால்தான் உனக்குப் படிப்பும் அகப்படவில்லை.

கோடையில் புல் காய்ந்து நிற்கும்போது வெள்வேலங்காய் விழும். மாடு தானே மரத்தடி தேடிப் போகும். அந்தக் காய்க்காகத்தான் தாத்தா மரத்தை எண்ணி எண்ணி விட்டிருக்கிறார். அதிகம் விட்டால் நிழலில் புல் வராது, குறைத்தால் கோடையில் மாடு வாடும். இதை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுப்பார்? படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பனிடம் கற்க வேண்டியதை முதலில் கற்றுக்கொண்டு போ.


கிளுவைவேலி | மே 12, மதியம் 1.20

ஐயா, ஒரு கேள்வி. எங்கள் பக்கத்துக்காட்டைச் சூரிய மின்சாரத்துக்குக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்திருக்கிறார்கள். அவர்களும் "வெறும் இடம்தானே" என்றுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு மெதுவாக எழுந்திருக்கிறது. ஒரு கொரங்காடு எவ்வளவு தருகிறது என்று கணக்கில் காட்ட முடியுமா?


மயிலைக்காளை | மே 12, மதியம் 1.45

மாடு விற்ற காசைக் காட்டு.


பூனைப்பருந்து | மே 12, இரவு 9.00

மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் முதுநிலை படித்தேன். இப்போது ஒரு களஆய்வுத் திட்டத்தில் இருக்கிறேன். கிளுவை, காட்டுயிரை இளநிலையிலேயே தேடாதே. அது பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு. டேராடூனில் 1982இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இரண்டிலும் முதுநிலை இருக்கிறது. இடம் கொஞ்சம், போட்டி கடுமை. வனவியலோ விலங்கியலோ கால்நடை மருத்துவமோ, எந்த வழியாகவும் வந்து சேரலாம்.

டெக்சஸ் பற்றி எழுதியிருந்தாய். அங்கே நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியார் கையில். பண்ணைக்காரர் வேலிக்குள்ளேயே மாடும் மேயும், மானும் மேயும். வேட்டைக்கு வருபவர் அவருக்குப் பணம் கட்டுவார். அதனால் மாட்டையும் மானையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் படிப்பு அங்கே பிழைப்புக்கான தேவை. இங்கே 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை கிடையாது. உன் நடுக்காட்டுப் பக்கியால் உன் அப்பாவுக்குச் சல்லிக்காசு வராது. ஆகவே காட்டுயிர் வனத்துறைக்கு, மாடு கால்நடைத் துறைக்கு, புல் வேளாண்மைத் துறைக்கு என்று பிரிந்துவிட்டது. கல்லூரிகளும் துறைகளின் சாயலில்தான் இருக்கின்றன. நிலம் மட்டும் டெக்சஸைப் போலத் தனியார் கையில், வேலிக்குள். இந்தப் பொருத்தமின்மையே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

களத்தைப் பற்றி ஆசை காட்ட மாட்டேன். விடியுமுன் எழுந்து நேர்கோட்டில் நடந்து, கண்ட விலங்கையும் தூரத்தையும் கோணத்தையும் குறிப்பது, எச்சத்தைச் சல்லடையில் கழுவி மயிரைப் பிரிப்பது, தானியங்கி கேமராவில் பதிவான ஆயிரம் படங்களில் தொள்ளாயிரம் ஆடும் மாடும் என்று தட்டிக்கொண்டே போவது, இதெல்லாம்தான் வேலை. பிறகு புள்ளியியல். பலர் கழன்றுகொள்வது அட்டைப்பூச்சியால் அல்ல, புள்ளியியலால். திட்டம் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, பிறகு அடுத்த திட்டத்தைத் தேட வேண்டும். வீட்டில் "இன்னும் நிரந்தரம் ஆகவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பெண் என்பதால் "தனியாகக் காட்டிலா?" என்பதும் சேர்ந்துகொள்ளும். முதலாவதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. இரண்டாவதற்கு அம்மாவை ஒரு வாரம் முகாமுக்கு அழைத்துப் போனேன். அவர் சமையல்காரருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். அதன்பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.


பெரிய மகள் | மே 13, காலை 6.40

வேலை கிடைக்காத படிப்பைப் புகழ்ந்து ஒரு குழந்தையைக் குழப்புகிறீர்கள். எங்கள் வீட்டிலும் ஒருத்தி இப்படித்தான் பறவை பறவை என்றாள். வேளாண்மை படித்தால் வேளாண்மை அலுவலர் தேர்வு எழுதலாம், வங்கிக்குப் போகலாம், உரக்கடையாவது வைக்கலாம். பறவையை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.


பூனைப்பருந்து | மே 13, காலை 8.10

நீங்கள் சொல்வதில் தவறில்லை. அந்த ஒருத்தி இப்போது என்ன செய்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.


பெரிய மகள் | மே 13, காலை 8.25

வங்கியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறேன்.


ஓய்வூதியன் | மே 13, மாலை 5.30

வேளாண்மைத் துறையில் 31 ஆண்டு இருந்தேன். மயிலைக்காளை எழுதியதைப் படித்தபின் ஒன்றை ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது.

பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒதுக்கிய பகுதியில் கொரங்காடு நிறைய. படிவத்தில் பயிர்ப் பரப்பு, தரிசு என்று கட்டங்கள் இருந்தன. மேய்ச்சல் நிலத்துக்கும் ஒரு கட்டம் இருந்தது, ஆனால் அது மேய்க்கால் புறம்போக்குக்கானது என்று மூத்தவர் சொல்லிவிட்டார். இவையோ பட்டா நிலங்கள். எனவே நூற்றுக்கணக்கான ஏக்கரை என் கையாலேயே தரிசு என்று எழுதினேன். தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்த ஆண்டு 'தரிசு மேம்பாடு' என்று ஒரு திட்டம் வந்து நிற்கும். உழவுக்கு மானியம், மரக்கன்றுக்கு மானியம். ஒரு தோட்டக்காரர் என் பேச்சைக் கேட்டு நான்கு ஏக்கரை உழுது மரக்கன்று வைத்தார். தண்ணீர் இல்லாமல் கன்று போயிற்று. உழுதுவிட்டதால் புல்லும் திரும்பவில்லை. பல ஆண்டு கழித்து அந்த வழியாகப் போனேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்து, டீ சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் படித்த வேளாண்மை நல்ல படிப்பு. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய பள்ளி, பிறகு கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகம் ஆகி, இந்த மாநிலத்தின் சோற்றுக்கு வழி செய்தது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயிர் இல்லாத நிலத்தைப் பார்க்கும் கண்ணை எனக்கு யாரும் தரவில்லை, நானும் தேடவில்லை.


மயிலைக்காளை | மே 13, இரவு 7.15

ஐயா, எழுதியதற்கு நன்றி. எங்கள் பக்கமும் ஒருவர் அப்படி வந்தார். அது நீங்களாக இருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன்.


செம்மறை | மே 14, காலை 6.00

கால்நடை மருத்துவர், பர்கூர் மலைப் பகுதியில் வேலை பார்த்தவன். கால்நடை மருத்துவம் இங்கே இன்னும் சரியாகப் பேசப்படவில்லை. ஐந்தரை ஆண்டுப் படிப்பு, கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. மாநில இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில்தான் நிரம்புகின்றன. ஆசிரியை சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் கிளுவை எழுதியதைப் பார்த்தால் அவருக்கு மாட்டைவிட மாடு நிற்கும் தரைமேல்தான் கண். நாங்கள் நோய், சினை, அறுவை, தீவனச் சத்து என்று உயிருக்குள் போவோம், தரை வெளியே நின்றுவிடும். யானைக்கும் சிறுத்தைக்கும் மருத்துவம் பார்க்கலாம் என்று வருபவர்களும் உண்டு. வனத்துறைக்கு மாற்றுப்பணியில் போகும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

பர்கூரில் நிலைமை கொரங்காட்டுக்கு நேர் எதிர். அங்கே வேலியும் கிடையாது, பட்டாவும் கிடையாது. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுக் கொண்ட அந்த மாடுகள் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்ந்தவை. 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் முதலில் எல்லா வனப்பகுதியிலும் மேய்ச்சலுக்குத் தடை என்றது. பிறகு அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. 2024 தொடக்கத்தில் அந்தியூர், பர்கூர்க் காடுகள் தந்தை பெரியார் காட்டுயிர்ச் சரணாலயம் ஆயின. எங்கே மேய்க்கலாம் என்று தெரியாமல், மாடு வைத்திருப்பவன் இப்போது ஒவ்வோர் அரசுக் கடிதமாகப் படித்துக்கொண்டிருக்கிறான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமையும் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.


பூனைப்பருந்து | மே 14, காலை 7.40

செம்மறை அண்ணா, மாட்டுக்காரர்மீது இரக்கம் எனக்கும் உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கில் மாடு மேயும் பள்ளத்தாக்கில் கடமானும் காட்டெருதும் எவ்வளவு ஒதுங்கிப்போகின்றன என்று நடந்து பார்த்தவள் நான். கோமாரி நோய் ஊர் மாட்டிலிருந்து காட்டெருதுக்குத் தாவினால் யார் பொறுப்பு? பல பட்டிகளில் மாடு பால் மாடு அல்ல, சாண மாடு. எருவாக விற்கத்தான் வைத்திருக்கிறார்கள். காட்டின் சத்து லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது.


செம்மறை | மே 14, மதியம் 12.30

கோமாரிக்குத் தடுப்பூசி போடுவது என் வேலை, போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எருக் கணக்கு உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் மாடு மேய்வதை நிறுத்திய இடத்தில் மான் வந்துவிட்டதா, உண்ணிச்செடிக் களை வந்ததா? புல் மேயப்படாமல் ஆளுயரம் நின்றால் மாசி, பங்குனியில் நெருப்புக்கு யார் பொறுப்பு?


பூனைப்பருந்து | மே 14, மதியம் 1.10

சில இடத்தில் மான், சில இடத்தில் உண்ணிச்செடி. மேயும் விலங்கை நிறுத்தினாலே புல்வெளி பிழைத்துவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன். கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் நுழைகிறது. மாடும் மட்டக்குதிரையும் வெளிமானும் சேர்ந்து அதன் காயைத் தின்று விதையைப் பரப்புகின்றன. காக்க வேண்டிய மானே புல்வெளிக்கு எதிரான செடியைச் சுமந்துபோகிறது! நீலகிரியில் சோலைப் புல்வெளியில் வெள்ளைக்காரர் காலத்தில் சீகை (வாட்டில்) மரம் வைக்கத் தொடங்கி, பிறகு நாமும் தொடர்ந்து வைத்தோம். வரையாடு பாறை விளிம்புக்கு ஒதுங்கியது. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,303 வரையாடுதான். அங்கும் புல்வெளியை 'மரமில்லாத வெற்றிடம்' என்று பார்த்த அதே கண்தான், ஓய்வூதியன் ஐயா எழுதிய அதே கட்டம்தான்.


கிளுவைவேலி | மே 14, இரவு 9.20

இந்தச் சண்டையைத் தீர்க்க எந்தக் கல்லூரியில் சொல்லித்தருவார்கள்? கிண்டலாகக் கேட்கவில்லை. ஒரு நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?


மலைவேம்பு | மே 14, இரவு 10.05

கல்லூரி வேண்டாம், நாளைக் காலையே தொடங்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்துகொள். பிளம்பிங் குழாய் போதும். கண்ணை மூடிக்கொண்டு கல் எறி, கல் விழுந்த இடத்தில் சட்டத்தை வை. நல்ல புல்லாகத் தேடி வைத்தால் கணக்கு பொய்த்துவிடும். உள்ளே இருக்கும் புல்லைத் தரையை ஒட்டி அறுத்து, காயவைத்து, எடை போடு. எடை குறைவது நிற்கும்வரை காய வேண்டும்.

ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஏறத்தாழ 405 கிலோ. முழுவதையும் மேயவிட்டால் புல் வேரோடு போகும், எனவே பாதியை விட்டுவை. மீதி 202 கிலோ. 300 கிலோ எடையுள்ள மாடு நாளைக்கு உடல் எடையில் 2.5 சதவீதம், அதாவது 7.5 கிலோ உலர்தீவனம் தின்னும். ஓர் ஏக்கர் ஒரு மாட்டுக்கு 27 நாள். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 ஏக்கர். இதற்குப் பெயர் தாங்குதிறன். உன் 14 ஏக்கருக்கு ஒரு மாடு.


மயிலைக்காளை | மே 15, காலை 5.50

வனவியல் தம்பி கணக்குப்படி என் மாடுகள் எல்லாம் போன தலைமுறையிலேயே செத்திருக்க வேண்டும்.

வைகாசியில் புல்லை அறுத்து எடை போடுவது, விரதம் இருப்பவனை நிறுத்துப் பார்த்து இவன் இவ்வளவுதான் என்பதுபோல. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வந்து அறுக்கட்டும். மேய்ந்த இடம் இருபது நாளில் மறுபடி துளிர்க்கும், அது எந்தக் கணக்கில்? வெள்வேலங்காய், வேலியோரத் தழை, சோளத்தட்டு? ஆடு எல்லாப் புல்லையும் தின்னுமா, மாடு தின்னும் புல் வேறில்லையா?


மலைவேம்பு | மே 15, காலை 8.00

ஐயா சொல்வது சரி. நான் சொன்னது ஒரு நாளில் எடுத்த படம். ஓர் ஆண்டு முழுவதும் எடுத்தால்தான் கணக்கு. துளிர்ப்பதை அளக்க, ஆடு மாடு வாய் வைக்காமல் ஒரு சதுர மீட்டரைக் கம்பிக்கூண்டால் மூடிவைப்பார்கள். மூடிய இடத்தையும் மூடாத இடத்தையும் மாதாமாதம் ஒப்பிட வேண்டும். கூண்டுக்குச் செலவாகும்.


மயிலைக்காளை | மே 15, காலை 8.20

கோழி கவிழ்க்கும் கொடாப்பு போதாதா? மேலே ஒரு கல்லை வைத்தால் மாடு தள்ளாது.


பூனைப்பருந்து | மே 15, காலை 8.45

எங்கள் பக்கத்தில் பஞ்சாரம் என்போம். ஐயா, அடைத்துப் பின்னியதாக இருந்தால் உள்ளே நிழல் விழுந்து புல் வளர்ச்சி மாறிவிடும். கண் பெரிதாக உள்ளதைப் பாருங்கள். மற்றபடி இது ஆய்வுக்கட்டுரையில் எழுதத்தக்க யோசனை, கேலியாகச் சொல்லவில்லை.


கிளுவைவேலி | மே 29, இரவு 9.10

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். அப்பா முதலில் சிரித்தார், பிறகு குழாயை அவரே வெட்டிச் சட்டம் செய்து கொடுத்தார். கல்லும் அவர்தான் எறிந்தார், நான் எறிந்தால் ஒரே பக்கமாகப் போகிறதாம். மூன்று காட்டிலும் சேர்த்துப் பதினைந்து இடம். தகரத்தின்மேல் காயவைத்து, மளிகைக்கடைத் தராசில் எடை போட்டேன். கடைக்காரர் இதென்ன நாட்டு மருந்தா என்றார்.

சராசரி 62 கிராம். மலைவேம்பு அண்ணா சொன்னபடி போட்டால் 14 ஏக்கருக்கும் மொத்தம் 3,500 கிலோ, பாதி 1,750 கிலோ. எங்கள் மூன்று மாட்டுக்கும் 22.5 கிலோ, ஆட்டுக்கு முக்கால் கிலோ வீதம் இருபதுக்கு 15 கிலோ, ஆக நாளைக்கு 37.5 கிலோ. நாற்பத்தேழு நாளில் புல் தீர வேண்டும். அப்பாவிடம் காட்டினேன். "சரியாகத்தான் இருக்கிறது. ஆடி பிறந்தால் சோளத்தட்டு வாங்கத்தானே போகிறேன்" என்றார். நான் பிறந்ததிலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் தட்டு வண்டி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் ஆடி என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நடுக்காட்டில்தான் எடை அதிகம், 81 கிராம். பக்கிக்காக ஆடு விடாமல் வைத்திருந்த இடம்.

இன்னொன்றும் பார்த்தேன். சட்டத்துக்குள் கொழுக்கட்டைப்புல் மட்டும் இல்லை. நரிப்பயறு இருந்தது, பெயர் தெரியாத இரண்டு புல்லும் இருந்தன. ஒன்றை அம்மா "இதை ஆடு தொடாது" என்று தள்ளிவைத்தார். அதையும் சேர்த்து எடை போட்டுவிட்டேன், அது தவறுதானே?

விண்ணப்பம் போட்டாயிற்று. வனவியல் முதலில், வேளாண்மை இரண்டாவது. அப்பாவுக்கு அரை மனது. வனவியல் படித்தாலும் வங்கித் தேர்வு எழுதலாம் என்று மலைவேம்பு அண்ணா எழுதியதைக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக்காட்டுக்காரர் இன்னும் குத்தகைக்குக் கொடுக்கவில்லை, ஆனால் கொடுக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது.


ஓய்வூதியன் | மே 30, காலை 6.15

ஆடு தொடாத புல்லைத் தனியாக எடை போட்டு எழுது அம்மா, ஆனால் எறிந்துவிடாதே. அது கூடிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான். பெயர் தெரியாத புல்லைக் கதிரோடு பிடுங்கி, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவை. தாளை நாள்தோறும் மாற்று. எங்கே, எப்போது எடுத்தது என்று சீட்டு எழுதி வை. கோவையில் தாவரக் கணக்கெடுப்பு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் பெரிய உலர்தாவரச் சேகரிப்பு இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்தபின் அங்கே கொண்டுபோய் ஒப்பிடலாம்.


மயிலைக்காளை | மே 30, காலை 6.40

அம்மணி, ஆடு தொடாத புல் எது என்று போட்டோ போடு. எங்கள் மேற்குக்காட்டிலும் இரண்டு வருடமாக ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. கதிர் எப்படி இருக்கும், வெள்ளையா, சிவப்பா? எங்கள் வீட்டுக் கொடாப்பு மூன்றையும் கவிழ்த்துவிட்டேன். கோழிகள் திண்ணையில் திரிகின்றன. வீட்டுக்காரி ஐப்பசிவரை பொறுப்பாளா தெரியாது.